தறிகெட்டானின் பதினாறாம் நாள்

"சார், நானு வர்ற பதினஞ்சாம் தேதி சாகப்போறனாம். சீட்டு வந்திருக்குது."

சொன்ன பெண்ணுக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். காட்டன் புடவை, தோளில் ஆபீஸ் பை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருமை. பாலசுந்தரம் பதறாமல் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. சாவுக்கு முன்னாடியே எங்கிட்ட வந்த மொத ஆளு நீங்கதான்."

அவர் தமாஷாகச் சொல்லவில்லை. முப்பது வருஷம் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிக்காகச் சாவுகளை விசாரித்தவர். செத்தவர் நிஜமாகவே செத்தாரா, செத்த மறுநாள் ஏதாவது டீக்கடையில் தென்பட்டாரா என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. சித்தூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை பிடித்து உட்கார்ந்துவிட்டார். துணைக்கு ரங்கையா. பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர், அறுபது வயது. டிக்கெட் இல்லாதவனை ஒரே பார்வையில் பிடித்த காலம் ஒன்று இருந்ததாம். அதனால் எதிரில் வருகிற எல்லோரையும் குற்றவாளி என்று நினைப்பார்.

பெண் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேஜையில் வைத்தாள். கறுப்புக் கரை போட்ட கருமாதிச் சீட்டு. கம்ப்யூட்டரில் அடித்தது. ரங்கையா உரக்கப் படித்தார்.

"நகரி நாகேந்திரன் அவர்களின் மூத்த மகள் துர்காதேவி, எழுத்தாளர் தறிகெட்டான், நவம்பர் 15ஆம் தேதி அகால மரணமடைந்தார். அன்னாரின் பதினாறாம் நாள் காரியம் 30ஆம் தேதி நடைபெறும். வாசகர்கள் வந்திருந்து சாப்பிட்டுப் போகவும்." படித்து முடித்து அவர் சுவர் காலண்டரைப் பார்த்தார். "இன்னிக்கு பத்துதானே சார்?"

"தறிகெட்டானா!" என்றார் பாலசுந்தரம். "அந்த ஐஸ் பெட்டி நாவல் எழுதினது நீங்களா?"

துர்காதேவி தலையாட்டினாள். ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி இருந்தது அது.

'ஐஸ் பெட்டி' வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கதை இதுதான். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் அப்பா செத்துப்போகிறார். விஷயம் வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். ஆகவே வீட்டார் அவரை ஐஸ் பெட்டியில் வைத்து, பூச்சரமும் சீரியல் லைட்டும் சுற்றி, ஐஸ்கிரீம் ஸ்டால் என்று மண்டபத்தில் நிறுத்திவிடுகிறார்கள். விருந்தாளிகள் கப்போடு வரிசையில் நிற்கிறார்கள். முழுக் கதையையும் பெட்டிக்குள்ளிருந்து சொல்வது பிணம். ஒரு வாரப்பத்திரிகை 'குமட்டுகிறது, ஆனால் கீழே வைக்க முடியவில்லை' என்று எழுதியது. திருப்பதிப் பேராசிரியர் ஒருவர் பெற்றவர்களுக்கு இழைத்த துரோகம் என்றார். சென்னையில் ஒரு பரிசு கொடுத்தார்கள். நகரியில் கங்கையா என்ற விசைத்தறி முதலாளி நடுரோட்டில் ஒரு பிரதியைக் கொளுத்தினார். பிணத்துக்குத் தங்கப்பல் இருக்கிறதாம், காலமான அவர் அப்பாவுக்கும் தங்கப்பல்தானாம். எழுதியது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் பப்ளிஷர் ஹரிபாபுவுக்கும்தான் சார். வீட்ல கூட சொல்லல. நைனா படிக்கறதில்ல. தங்கச்சி மோனிகாவுக்கும் தெரியாது."

"முப்பதாம் தேதி இன்னா விசேஷம்?"

அவள் குரல் இறங்கியது. "மோனிகாவுக்குக் கல்யாணம். அம்மா இல்ல சார், நாந்தான் வளத்தேன். நானு புருஷன விட்டுட்டு வந்தவ. அக்காளே இப்பிடின்னா தங்கச்சி எப்பிடி இருப்பாளோன்னு சொல்லிக்கினு மூணு சம்மந்தம் தட்டிப்போச்சி. இது நாலாவது. கல்யாண வீட்ல பொணத்த வெச்சி சிரிச்சவ நாந்தான்னு மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா இதுவும் போச்சி. நானு செத்தா கூட பரவால்ல, இது நிக்கக்கூடாது."

"பதினஞ்சாம் தேதி?"

"அன்னிக்கு திருப்பதியில புக்குக்கு விமர்சனக் கூட்டம். யாருக்கும் தெரியாம கடைசி வரிசைல உக்காரலாம்னு இருந்தேன்."

ரங்கையா எழுந்து நின்றுவிட்டார். "கூட்டத்துலயே வெச்சி முடிக்கப்போறாங்க சார்!"

பாலசுந்தரம் சீட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் நான்கு மூலையிலும் வெளிறிய மஞ்சளாக ஒரு விரல் தீற்றல்.

"சாம்பார் கையோட எடுத்திருப்பாங்க" என்றார் ரங்கையா.

"சாம்பார் நாலு மூலைலயும் அளவா ஒட்டாது" என்றார் பாலசுந்தரம். "இது எங்க வந்திச்சிம்மா?"

"புத்தூர் காலேஜுக்கு சார். அங்கதான் கிளார்க்கா இருக்கறேன். திருப்பதி முத்திரை."

"வீட்டுக்கு வரலியா?"

"இல்ல சார். நல்ல வேள."

கவரைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்தார்.

திருப்பதியில் ஹரிபாபுவின் புத்தகக் கடை ஒரு லாட்ஜின் கீழே இருந்தது. நாற்பது வயதுக்காரர். வீட்டில் தெலுங்கு, தொழிலில் தமிழ். கேட்டவுடன் மேஜை டிராயரைத் திறந்து அதே சீட்டை எடுத்துப் போட்டார். "நாக்கூடா ஒச்சிந்தி சார். எனக்கும்தான் வந்தது, கடை அட்ரஸுக்கு. நாலு நாளாச்சு." பாலசுந்தரம் திருப்பினார். நான்கு மூலையிலும் அதே மஞ்சள்.

"புக்கு மூணாவது பதிப்பு போகுது போல?"

"போகுது. அதுக்கு நான் இப்படிச் செய்வேன்னு நினைக்கிறீங்களா?" ஹரிபாபு சிரித்தார், ஆனால் டிராயரைப் படாரென்று மூடினார். "யார் இந்தத் தறிகெட்டான்னு ஊரே மண்டையை உடைச்சுக்குது. அதுதான் சார் விற்கிறது. பேரைச் சொல்லிட்டா யார் வாங்குவாங்க?"

வெளியே வந்ததும் ரங்கையா காதோரம் சொன்னார்: "இவன்தான் சார். திருப்பதி முத்திரை, டிராயர மூடின அவசரம், எல்லாம் கரெக்டா கீது." பாலசுந்தரம் பைக்கில் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் நகரியில் கங்கையாவைப் பார்த்தார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் மேஜைக்கு அடியில் 'ஐஸ் பெட்டி' பத்துப் பிரதிகள் கட்டாக இருந்தன.

"கொளுத்தறதுக்கு வாங்கினேன். ஒண்ணு கொளுத்துனேன், மீதிய சொந்தக்காரங்களுக்குப் படிக்கக் குடுத்துக்கினு இருக்கறேன்" என்றார் கங்கையா. "எங்க நைனாவ பத்தி எழுதனவன் எவன்னு சொல்லுங்க சார், அவன் வீட்டு வாசல்ல சனத்தக் கூட்டிக்கினு போய் நிக்கறேன். ஆம்பளையா இருந்தா பேரப் போட்டு எழுதியிருக்கணும்ல?"

நாகேந்திரன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தேதி தெரியுமா என்று கேட்டார் பாலசுந்தரம். முப்பது, மூன்று தெரு தள்ளித்தானே, போகாமலா என்றார் கங்கையா. ரங்கையா கண்ணடித்தார். இப்போது அவருக்கு இவர்தான் கொலைகாரர்.

நாகேந்திரன் வீட்டுக்குப் போனபோது தூறல் ஆரம்பித்திருந்தது. இன்சூரன்ஸ் விஷயமாக ஒரு சார் வருவார் என்று மட்டுமே துர்காதேவி வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். சீட்டு இருந்த பையைப் பாலசுந்தரம் வாசலில் நின்ற பைக்கிலேயே மாட்டிவிட்டு உள்ளே போனார். சாவுச் சீட்டை யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள்.

கூடத்தில் பாய் விரித்து, கல்யாணப் பத்திரிகைகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. மோனிகா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து ஒவ்வொன்றின் மூலையிலும் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது. தினமும் பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் ரயிலேறித் திருப்பதி போய் ஒரு லேபில் ரத்தம், சிறுநீர் சோதிக்கிற வேலை. கல்யாணத்துக்காக இந்த மாதக் கடைசியோடு அதை விடுகிறாளாம். அதை நாகேந்திரன்தான் சொன்னார். அவளுக்குப் பிடித்த நகை, அவளுக்குப் பிடித்த மண்டபம் என்று எல்லாவற்றையும் அவரும் துர்காதேவியும் மாறி மாறிச் சொன்னார்கள். மோனிகா மஞ்சளைத் தொட்டு வைத்துக்கொண்டே இருந்தாள்.

"சார், பை நனையுது, உள்ள எடுத்தாரேன்" என்று ரங்கையா வாசலில் இருந்து கூப்பிட்டார்.

"வேணாம் தாத்தா!" மோனிகா சட்டென்று எழுந்தாள். "அத உள்ள எடுத்தாராதீங்க. கவர் தரேன், மேல போட்டு மூடுங்க." அவளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்துவிட்டு வந்தாள். தாத்தா என்றதில் ரங்கையாவுக்குக் கோபம். வேறு எதையும் அவர் கவனிக்கவில்லை.

கடைசியாகப் புத்தூர். மாப்பிள்ளை தனசேகர் அங்கே செல்போன் கடை வைத்திருந்தான். பாலசுந்தரம் சும்மா ஒரு சந்தேகத்தில்தான் கேட்டார். அவன் தயங்கிவிட்டு, ஆமாம், போன வாரம் கடைக்கு ஒரு சீட்டு வந்தது என்றான்.

"கவரப் பிரிச்சதும் பின்பக்கம் நாலு மூலையும் மஞ்சளா இருந்திச்சி சார். யாரோ கல்யாணத்துக்குக் கூப்புட்றாங்கன்னு நெனச்சி திருப்பினேன். பாத்தா கருமாதி. புக்குக்கு இப்பிடி விளம்பரம் பண்றாங்கன்னு கிழிச்சிப் போட்டேன்."

"அப்ப துர்காதேவிதான் எழுத்தாளர்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும். அம்மாகிட்டயும் சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசல. அந்த புக்க மட்டும் வாங்கியாரச் சொன்னாங்க."

இதைப் போனில் கேட்ட துர்காதேவி அப்படியே அழுதுவிட்டாள். தெரிந்தும் வாயைத் திறக்காத மாமியார் மனதில் என்ன இருக்கிறதோ என்றாள். "மாமியார்தான் சார்" என்றார் ரங்கையா. இது அவருடைய மூன்றாவது குற்றவாளி.

"பதிமூணாம் தேதி சாயந்தரம் எல்லாரையும் ஹரிபாபு கடைக்கு வரச் சொல்லும்மா" என்றார் பாலசுந்தரம் போனில். "கங்கையாவையும்தான். அவருக்கு எப்பிடியும் தெரியத்தான் போகுது. துணைக்கு உன் தங்கச்சியக் கூட்டிக்கினு வா."

பதிமூன்றாம் தேதி ஹரிபாபு ஷட்டரைப் பாதி இறக்கினார். புத்தகக் கட்டுகளே நாற்காலி. கங்கையா முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுதியது நாகேந்திரன் மகள் என்று தெரிந்ததும் கத்துவதற்கு வாயைத் திறந்து, ஒரு பெண்பிள்ளையை எப்படித் திட்டுவது என்று புரியாமல் மூடிக்கொண்டிருந்தார். தனசேகர் கடையில் இருந்துவிட, அவன் அம்மா கிருஷ்ணம்மா மூலையில், மடியில் கைப்பையோடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. துர்காதேவி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோனிகா அக்காவின் பக்கத்தில்.

"மொதல்ல தேதி" என்று ஆரம்பித்தார் பாலசுந்தரம். "நாம எல்லாரும் பதினஞ்சப் பாத்து பயந்தோம். அன்னிக்கு கூட்டம் இருக்குது, கொல்லப் போறாங்கன்னு. ஆனா சீட்டு எழுதின ஆளு நெனச்சது பதினஞ்ச இல்ல. முப்பத. கல்யாண நாள்ல காரியம் வரணும்னு பின்னாலருந்து எண்ணியிருக்காங்க. செத்த நாளையும் சேத்து எண்ணினா சரியா பதினாறு. கூட்டம் அன்னிக்கு வந்தது தற்செயல்."

"அப்ப கொலை இல்லியா?" ரங்கையாவுக்கு ஏமாற்றம்.

"இல்ல. கல்யாணத்த நிறுத்தறதுதான் நோக்கம். இப்ப ஹரிபாபு. இவர் வீட்ல பதினோராம் நாள் பெத்தகர்மாதான் பண்ணுவாங்க, பதினாறு இவர் கணக்கே இல்ல. அதுவுமில்லாம பேர் வெளிய வந்தா இவருக்குத்தான் நட்டம். கங்கையா, புக்க எழுதினவன் ஆம்பளைன்னே நெனச்சிக்கினு இருந்தார். தெரிஞ்சிருந்தா சீட்டு போட மாட்டார், நேரா வாசல்ல வந்து நிப்பார்."

"நின்னிருப்பேன்" என்றார் கங்கையா பெருமையாக.

"கிருஷ்ணம்மாவுக்குக் கல்யாணம் வேணாம்னா ஒரு போன் போதும். இவங்களுக்கு யார் பேரும் தேவையில்ல." அவர் சீட்டுகள் இரண்டையும் கையில் எடுத்தார். "இது மூணு எடத்துக்குப் போயிருக்குது. காலேஜு, புத்தகக் கடை, செல்போன் கடை. மூணும் வேலை செய்யற எடம். கல்யாணத்தக் கெடுக்க நெனைக்கற பகையாளி எங்க அனுப்புவான்? பொண்ணு வீட்டுக்கும் மாப்ள வீட்டுக்கும்தானே? ரெண்டு வீட்டு வாசலையும் இது மிதிக்கல. பத்திரிகை அடுக்கி வெச்சிருக்கற வீட்டுக்கு சாவுச் சீட்டு போகக்கூடாதுன்னு எழுதின ஆளுக்கு பயம். வீட்டுக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னு அக்கற."

ஹரிபாபு ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"அப்புறம் இது." சீட்டைத் திருப்பி மஞ்சளைக் காட்டினார். "கருமாதிச் சீட்டுக்கு நாலு மூலை மஞ்சள் வெப்பாங்களா? உலகத்துல யாரும் வெக்க மாட்டாங்க. கைப்பழக்கத்துல பட்டதுன்னா ஒண்ணுல இருக்கும், ஒரு மூலைல இருக்கும். மூணு சீட்டு, பன்னெண்டு மூலை. வேணும்னே வெச்சது. உயிரோட இருக்கறவள செத்ததா எழுதியாச்சி, அது பலிச்சிடக்கூடாதுன்னு முறிக்கறதுக்கு வெச்சது. இத எழுதின ஆளுக்கு துர்காதேவி மேல உயிரு."

துர்காதேவி மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"யாருன்னு சொல்லுங்க சார்" என்றார் ரங்கையா. பொறுக்க முடியவில்லை அவருக்கு.

"எம் பையில இன்னா இருக்குதுன்னு தெரியாத வீட்ல, அத உள்ள எடுத்தாராதீங்கன்னு ஒருத்தர் சொன்னாங்க. அதுக்கு மேல நான் சொல்றதுக்கில்ல. செத்தவங்களுக்காகப் பேசறதுதான் எந்தொழில். உசுரோட இருக்கறவங்க அவங்களே பேசிக்கட்டும்."

மோனிகா எழுந்தாள்.

"நாந்தான்" என்றாள். "லேப் கம்ப்யூட்டர்ல அடிச்சேன். இன்சூரன்ஸ் சார் வர்றாருன்னு அக்கா சொன்னப்பவே இதுக்காகத்தான்னு புரிஞ்சிடுச்சி."

"ஏன்டீ?" துர்காதேவி அவள் கையைப் பிடித்தாள்.

"நீ எழுதும்போதே தெரியும்க்கா. நீ தூங்கனப்புறம் நோட்ட எடுத்துப் படிப்பேன். சிரிச்சி சிரிச்சி வாய மூடிக்குவேன். எல்லாரும் ஏதேதோ எழுதினாங்க, பிரைஸ் குடுத்தாங்க, கொளுத்தினாங்க. ஒருத்தரும் பாக்கல. உன் புக்குல பொணம் எரநூறு பக்கம் பேசுது. சமையல்காரன் பேசறான், ஐஸ் பெட்டிக்காரன் பேசறான். கல்யாணப் பொண்ணு ஒரு வார்த்த பேசல. ஒரே ஒரு வார்த்த கூட இல்லக்கா. நானும் பாத்துக்கினே இருந்தேன், நீ எங்கயாவது கேப்பியான்னு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மூணு சம்மந்தம் போனப்பவும் நீதான் அழுத. எனக்கு சந்தோசமா இருந்திச்சி. அத எப்பிடி உங்கிட்ட சொல்றது? இதுவும் உன் பேரால நின்னுட்டா நான் சொல்ல வேணாமேன்னு நெனச்சேன்."

ஊரையே கிண்டல் செய்து எழுதிய துர்காதேவிக்கு, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவமானமாகவும் இருந்தது, நெஞ்சு வலிக்கவும் செய்தது.

கிருஷ்ணம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளிருந்து 'ஐஸ் பெட்டி' வந்தது, மூலைகள் மடிந்து.

"ரெண்டு தடவ படிச்சிட்டேன்" என்றார். "எத்தன பொணம் பாத்தவ நானு, இப்பிடி சிரிச்சதில்ல. இதுக்காக யாராவது சம்மந்தத்த விடுவாங்களா? எழுதறவ வீட்ல பொண்ணெடுக்கறேன்னு சந்தோசமாதான் இருந்தேன்." துர்காதேவியைப் பார்த்துவிட்டு அவர் மோனிகா பக்கம் திரும்பினார். "ஆக, இது உன் அக்காவால நிக்கப்போறதில்ல. இப்ப நீ சொல்லும்மா. உனக்கு இன்னா வேணும்?"

இந்தக் கேள்வியை மோனிகாவிடம் முதலில் கேட்டது அந்த அம்மாள்தான்.

மோனிகா அக்காவைப் பார்த்தாள். துர்காதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொல் என்பது போலத் தலையசைத்தாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம் அத்தே. உங்க பையன் மேல ஒரு கொறையும் இல்ல. எனக்கு லேப் வேலை விட வேணாம். மேல படிக்கணும்."

கிருஷ்ணம்மாவுக்கும் வருத்தம்தான், மறைக்கவில்லை. "எம் பையன்கிட்ட நானு சொல்லிக்கறேன். உங்க நைனாகிட்ட உங்க அக்கா சொல்லட்டும்" என்றவர் புத்தகத்தைத் துர்காதேவியிடம் நீட்டினார். "கையெழுத்து போட்டுக் குடு. சொந்தப் பேர்ல போடு."

துர்காதேவி முதல் முறையாகத் தன் புத்தகத்தில் தன் பெயரை எழுதினாள். கங்கையா எட்டிப் பார்த்து, தன்னிடமும் பத்துப் பிரதி இருப்பதாக முணுமுணுத்தார்.

எல்லோரும் கிளம்பும்போது ரங்கையா இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கிழிக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"சார், ஒரு சந்தேகம். சாவுச் சீட்ட வெச்சிக்கக்கூடாது, கிழிக்கணும். மஞ்ச வெச்சத கிழிக்கக்கூடாது, வெச்சிக்கணும். இப்ப இத இன்னா செய்யறது?"

பாலசுந்தரத்துக்கு முப்பது வருஷத்தில் இப்படி ஒன்று வந்ததில்லை.

"குடுங்க இப்பிடி" என்றாள் துர்காதேவி. மூலையிலிருந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். "எப்ப வெச்சடி இத?"

"கவர்ல போட்டு ஒட்டிட்டேன் அக்கா. தபால் பெட்டிகிட்ட போனதும் பயமாயிடுச்சி. நெஜமாவே நீ செத்துட்டா இன்னா பண்றதுன்னு போடாம லேப்லயே வெச்சிட்டு, மறுநாள் வீட்லருந்து மஞ்சள எடுத்தாந்து மூணையும் பிரிச்சி வெச்சேன்."

துர்காதேவி அதைக் கிழிக்கவில்லை. தன் ஆபீஸ் பையில், அடுத்த நாவலுக்கென்று வாங்கி இன்னும் ஒரு வரிகூட எழுதாத நோட்டின் முதல் பக்கத்தில் வைத்து மூடினாள்.